மெசின் பெட்டியில் ஓர் இடம்

கறுக், கறுக். பாக்குவெட்டி பாக்கைக் கடிக்கும் அந்தச் சத்தம் கலியாண வீட்டில் கேட்டாலும் சந்தையில் கேட்டாலும் எனக்கு ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும். மற்றவர்களுக்கு அது விருந்தின் சத்தம். எனக்கோ, அது கேட்காமல் போன ஒரு காலைப்பொழுதின் சத்தம். இல்லாமற்போன சத்தம் காதில் எவ்வளவு காலம் நிற்கும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

எண்பதுகளின் தொடக்கம் அது. கல்முனைக் கரையோரம் எங்கள் வீடு. சிறுபோக வேளாண்மை வெட்டி முடிந்து, கச்சான் காற்று மணலை அள்ளி அள்ளி முற்றத்தில் கொட்டிக்கொண்டிருந்த காலம். எனக்கு இருபது கடந்திருந்தது. வாசிப்பேன், எழுதுவேன், எழுதியதைக் கிழிப்பேன், வேறொன்றுக்கும் உதவமாட்டேன் என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

கச்சான் பிறந்தால் உம்மாவுக்கு மூக்கால் இரத்தம் வரும். பெரியம்மாவுக்கும் வரும். அவர்களைப் பெற்றவருக்கும் வந்ததாம். யாரும் அதை நோயென்று நினைத்ததில்லை. சூட்டுடம்பு என்றார்கள். தலையில் தண்ணீர் ஊற்றி, மல்லி அவித்துக் குடித்து, வெங்காயத்தை நசுக்கி மணந்தால் நின்றுவிடும். தொழுகையில் நிற்கும்போது வெள்ளை உடுப்பில் ஒரு துளி விழும். மாற்றிக்கொண்டு வந்து மறுபடியும் தொழுவார்கள். அவ்வளவுதான்.

அவர்களின் சொண்டிலும் நாக்கிலும் கடுகளவில் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. சொண்டென்றால் எங்கள் பக்கத்தில் உதடு. அந்தப் புள்ளிகளில் எங்கள் வீட்டுக்கு ஒரு பெருமையே இருந்தது. அது எங்கள் குடியின் அடையாளம் என்பார் பெரியம்மா. குடும்பத்தில் பெண்பிள்ளைகள் வளர வளர, சொண்டைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். என்னையும் பார்த்தார். ஒன்றுமில்லை. கடையில் வாங்கிய புடைவையில் கரை இல்லாததுபோல முகத்தைச் சுளித்துக்கொண்டு விட்டுவிட்டார்.

ஒரு பகல், மீன் ஆய்ந்துகொண்டிருந்த உம்மா அப்படியே சாய்ந்தார். அன்றைக்கு வந்த இரத்தம் மல்லித்தண்ணிக்கும் வெங்காயத்துக்கும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம்.

அங்கே புதிதாக வந்திருந்தார் ஒரு டொக்டர். யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த ஆள், பேசும்போது கையைக் கையால் பிசைந்துகொள்ளும் பழக்கம். மூக்கை அடைத்து, இரத்தத்தை நிறுத்தி, உம்மா கண் திறந்த பிறகுதான் அவருடைய பார்வை உம்மாவின் சொண்டில் தங்கியது. சின்னக் கண்ணாடித் துண்டொன்றை எடுத்து ஒரு புள்ளியின்மேல் வைத்து மெல்ல அழுத்தினார். புள்ளி மறைந்தது. எடுத்தார். ஊற்றுக்கண் போல மறுபடியும் நிறைந்தது. எனக்கு அது ஏனோ அழகாக இருந்தது. அவருடைய முகத்தில் அழகைக் கண்ட குறி எதுவும் இல்லை.

அது சூடு இல்லையாம். இரத்தக் குழாய்களின் குறையாம், பிறப்போடு வருவதாம். குழாயின் சுவர் சில இடங்களில் மெல்லிதாய், முறுக்கிக்கொண்டு இருக்குமாம். வெளியே தெரிவது இந்தப் புள்ளி. உள்ளே, நெஞ்சுக்குள்ளோ தலைக்குள்ளோ இதைவிடப் பெரிதாக ஒன்று சத்தமில்லாமல் இருக்கலாமாம். பெற்றவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்கும் பாதி, வராமல் போவதற்கும் பாதி. பயப்பட வேண்டாம், ஆனால் எல்லோரையும் பார்க்க வேண்டும் என்றார்.

"குடும்பத்தில வாற வருத்தம் அம்மா. குடும்பத்தையே கூட்டிக்கொண்டு வாங்கோ. ஒருத்தரும் வெத்திலை போடக்கூடாது. கையில மருதோன்றி இருக்கக்கூடாது. எனக்குச் சொண்டும் விரலும் வெறுமனே தெரியவேணும்."

எங்கள் பெண்களிடம் வெற்றிலையை விடச் சொல்வதும் மூச்சை விடச் சொல்வதும் ஒன்று. ஆனால் உம்மா சாய்ந்து கிடந்ததைக் கண்டவர்கள். ஒத்துக்கொண்டார்கள்.

அந்தக் காலைதான் பாக்குவெட்டி கேட்காத காலை. பெரியம்மாவும் சாச்சியும் தங்கள் பெண்மக்களோடு எங்கள் வீட்டில் கூடியிருந்தார்கள். சாச்சி உம்மாவின் தங்கை. தேசிக்காய்த் தோலும் சாம்பலும் வைத்து ஆளுக்காள் சொண்டைத் தேய்த்தார்கள். சிவந்த வாய்களுக்குப் பழகிய என் கண்ணுக்கு எல்லோரும் வேறு யாரோ போல இருந்தார்கள். கொட்டாவி, எரிச்சல், சும்மா சும்மா சண்டை. வெற்றிலை இல்லாத வாய் கபுறுக்குழி மாதிரி இருக்கிறது என்றார் சாச்சி. இந்த டொக்டர் மட்டும் நோயில்லை என்று சொல்லட்டும், அவருடைய வாயிலேயே ஒரு வெற்றிலையை மடித்துத் திணிப்பேன் என்றார் பெரியம்மா.

எங்களைக் கொண்டுபோக மாமா வந்தார். உம்மாவின் ஒரே தம்பி. சம்மாந்துறையில் மணமுடித்து, எங்கள் பக்கத்து ஆண்கள் எல்லோரையும்போல மனைவியின் வீட்டில் இருந்தவர். வெள்ளிக்கிழமைகளில் தயிர்ச்சட்டியோடு வந்து, அக்காமாரின் நடுவில் இருந்து வெற்றிலை போட்டு, அவர்களின் பரிகாசத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு போவார். அவரிடம் ஓர் உழவு மெசின் இருந்தது. வயல் உழுவதும் அதுதான், பின்னால் பெட்டியைக் கொழுவினால் கலியாணத்துக்கு ஆள் ஏற்றுவதும் அதுதான். வைக்கோல் பரப்பி, அதன்மேல் பாய் விரித்துக் கொண்டுவந்திருந்தார்.

அவர் வாயும் வெறுமையாக இருந்தது. சாம்பலால் தேய்த்திருந்தார்.

"நீ என்னத்துக்குத் தம்பி? ஒனக்கு ஒரு நாளும் மூக்கால வந்ததில்லையே" என்று உம்மா கேட்டார்.

"நீங்க போடாம இரிக்கக்குள்ள நான் மட்டும் மென்டுக்கு வந்தா நல்லாவா இரிக்கும், ராத்தா?"

இப்போது நினைத்தாலும் அந்த வார்த்தையில் எனக்கு மனம் தடுக்கி நிற்கும். அக்காமார்மேல் இருந்த அந்தப் பட்சம் இல்லாவிட்டால் அவர் அன்றைக்கும் சிவந்த வாயோடுதான் வந்திருப்பார். வந்திருந்தால் ஒன்றும் தெரிந்திராது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் ஒவ்வொருவராகப் பார்த்தார். சொண்டு, நாக்கு, விரல் நுனி. பிறகு முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். பெரியம்மாவுக்கு இருந்தது, ஆனால் நெஞ்சு சுத்தம். அவருடைய மூத்த மகளுக்கும் அப்படியே. எனக்கு இல்லை. சாச்சிக்கும் இல்லை. இல்லையென்றதும் சாச்சி அழத் தொடங்கிவிட்டார். சந்தோசத்தில் என்றுதான் டொக்டர் நினைத்தார். அப்படியில்லை. அப்ப நான் மட்டும் புறத்தியா, என்னை எங்கிருந்தாவது எடுத்து வளர்த்தீர்களா என்று அக்காமாரைப் பார்த்துக் கேட்டு அழுதார். டொக்டருக்கு விளங்கப்படுத்த எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

எல்லாம் முடிந்தது என்று டொக்டர் வாசல் வரை வந்தார். வெளியே மெசின் சில்லில் சாய்ந்து நின்ற மாமா, மரியாதைக்கு ஒரு சிரிப்புச் சிரித்தார். வெயில் நேரே முகத்தில். டொக்டர் நின்றார். கையைப் பிசைந்தார்.

ஒருதரம் வாயைத் திறக்கச் சொன்னார். மாமாவின் கீழ்ச் சொண்டிலும் நாக்கின் ஓரத்திலும் அதே கடுகுகள். இத்தனை வருடமும் வெற்றிலைச் சாற்றுக்குள் ஒளிந்திருந்தவை. அக்காமார் பெட்டிக்குள் இருந்தபடியே சிரித்தார்கள். கள்ளன் பிடிபட்டான் என்றார்கள். மாமாவும் சிரித்தார்.

"பிள்ளையள் இருக்கோ?" என்று டொக்டர் கேட்டார்.

ஒரே ஒரு பெண்பிள்ளை என்றார் மாமா.

"எங்கை அவ? ஏன் கூட்டிக்கொண்டு வரேல்லை?"

எல்லோரும் ஒரே குரலில் பதில் சொன்னோம். நானும் சொன்னேன். அவள் இந்தக் குடியில்லையே.

டொக்டருக்கு விளங்கவில்லை. பெரியம்மா பெட்டியில் நிமிர்ந்து இருந்து விளக்கம் சொன்னார். குடியென்பது தாயிடமிருந்து வருவது. தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. பள்ளிவாசல் நிருவாகத்துக்கு மரைக்கார்மாரை எடுப்பதும் அப்படித்தான், கலியாணம் பேசும்போது பார்ப்பதும் அப்படித்தான். தம்பி எங்கள் குடி. ஆனால் அவனுடைய பிள்ளை அவனுடைய மனைவியின் குடி. நீங்கள் குடும்பத்தைக் கூட்டி வரச் சொன்னீர்கள், ஒருவரையும் விடாமல் கூட்டி வந்திருக்கிறோம்.

அவர் குறுக்கிடாமல், சிரிக்காமல் முழுவதையும் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"பள்ளிவாசலுக்கு அது சரி அம்மா. இரத்தத்துக்குக் குடி தெரியாது. தகப்பனிட்டயிருந்தும் போகும்."

பெட்டிக்குள் சிரிப்பு அணைந்தது.

அந்தப் பெண்பிள்ளை என் மச்சி. என் வயதுக்காரி. பெருநாளுக்குப் பெருநாள் ஒன்றாகப் படுத்து, விடியும்வரை கதைத்து, உம்மாவிடம் ஏச்சு வாங்கியவர்கள் நாங்கள். அவளுடைய விரல்களின் நுனி உருண்டிருக்கும். நெருப்புக்குச்சி என்று பட்டம் வைத்திருந்தேன். அவளும் விரலைச் சுவரில் உரசி, பற்றுகிறதா பார் என்பாள். அப்போது அவளுக்கு மணமாகி, வயிற்றில் முதல் பிள்ளை, ஆறு மாதம். கடைசியாகப் போனபோது கிணற்றிலிருந்து வாளியை இழுத்தவள் பாதியில் நிறுத்தி, கயிற்றைப் பிடித்தபடி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றாள். மூச்சு வாங்கியது. சொண்டு கறுத்துப் போயிருந்தது. வயிற்றுப் பிள்ளை என்றால் அப்படித்தான் என்றார்கள். விரலிலோ எப்போதும் மருதோன்றி. பிள்ளைப்பேற்றுக்கு வீட்டுக்கே வருவதாக மருத்துவிச்சியிடம் பேசியும் ஆகிவிட்டது.

இதையெல்லாம் நான் டொக்டரிடம் சொன்னேன். நெருப்புக்குச்சி என்றதும் அவர் முகம் மாறியது. இன்றைக்கே கூட்டிக்கொண்டு வாங்கோ என்றார்.

காரைதீவுச் சந்தியால் திரும்பி, அறுத்த வயல்களின் நடுவே மெசின் போனது. சம்மாந்துறை தெரிந்ததும் ஒரு மதகடியில் மாமா நிறுத்தினார். இறங்கி வந்து பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ராத்தா, நான் அந்த வீட்டுல என்னெண்டு இதக் கதைக்கிற? அவங்கட குடியில ஒரு குறையும் இல்ல. வந்த மாப்புள நான் கொண்டந்து போட்டதெண்டெல்லோ வரும்."

இருபது வருடத்துக்கு மேலாக அந்த வீட்டில் உழுது, விதைத்து, கூரை மேய்ந்த மனிதர். இன்னும் வந்த மாப்பிள்ளைதான். நீ ஒன்றும் கதைக்க வேண்டாம், நான் கதைக்கிறேன் என்றார் உம்மா. பஞ்சடைத்த மூக்கோடு அவர் சொன்னது வேறு யாரோ சொன்னதுபோல இருந்தது.

மாமி முற்றத்தில் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார். பெட்டி நிறையப் பெண்கள் வந்து இறங்குவதைக் கண்டு யாரோ இறந்துபோன மௌத்துச் செய்தி என்றே நினைத்தார். உம்மா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மூக்கு, புள்ளி, டொக்டர், தம்பியின் சொண்டு, மச்சியின் மூச்சு. மாமா மெசினைவிட்டு இறங்கவேயில்லை. எந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. மச்சி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எங்கள் எல்லோருடைய வெறும் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மாமி சீறுவார் என்று காத்திருந்தோம். சீறினார். ஆனால் நாங்கள் நினைத்ததற்கு அல்ல.

"விடியச்சாமத்துல எழும்பி இத்தின பேர ஏத்திட்டுப் போயிரிக்கீங்க, மதினி. இந்த வீட்டுட மெசின்ல. என்ட புள்ளைக்கு மட்டும் அந்தப் பெட்டிக்குள்ள இடமில்லாமப் போயித்தா?"

குடி என்று வாய் வரை வந்ததை உம்மா விழுங்கியது எனக்குத் தெரிந்தது.

மாமி நெற்கையைத் தட்டினார். முக்காட்டை இழுத்துப் போட்டார். மச்சியின் கையைப் பிடித்தார். மாமாவைப் பார்க்காமல், உம்மாவிடம் சொல்வதுபோலச் சொன்னார்:

"மெசின நிப்பாட்ட வேணாமெண்டு சொல்லுங்க."

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது, டொக்டர் விடுதியிலிருந்து உடுத்திருந்த சாரத்தோடேயே வந்தார். மச்சியின் சொண்டை அவர் பார்க்கவில்லை. கையைத்தான் முதலில் எடுத்தார். உருண்ட விரல் நுனிகளைத் தன் உள்ளங்கையில் வைத்து, மருதோன்றி படாத இடமாகத் தேடினார். பிறகு முதுகில் குழாயை வைத்து மூச்சைப் பிடிக்கச் சொன்னார். ஓர் இடத்தில் நிறுத்தி வெகு நேரம் கேட்டார். மாமியின் வாய் ஓதிக்கொண்டிருந்தது.

பிறகு அவர் செய்ததை நான் மறக்கவே மாட்டேன். ஒதுங்கிச் சுவரோடு நின்ற மாமாவைக் கூப்பிட்டு, குழாயை அவருடைய காதில் மாட்டிவிட்டார். என்ன கேட்கிறது என்று சொல்லச் சொன்னார். மாமா கண்ணை மூடினார்.

"தண்ணி" என்றார். "வரம்பு உடைஞ்சி குறுக்கால பாயிற சத்தம்."

"அதேதான் ஐயா. போகவேண்டிய வயலுக்குப் போகாமல் இரத்தம் குறுக்கால பாயுது. மூச்சு எடுக்கிற இடத்துக்குப் போய்ச் சேரேல்லை. இதோட வீட்டில பிள்ளை பெற விட்டிருந்தால்..."

அவர் முடிக்கவில்லை. வயற்காரனுக்கு முடிக்கத் தேவையும் இல்லை. மாமா குழாயைக் கழற்றி, மகளுடைய தலையில் கையை வைத்து, மாமியைத் திரும்பிப் பார்த்தார். மாமி அவருடைய தோளில் ஒட்டியிருந்த வைக்கோல் ஒன்றைத் தட்டிவிட்டார். அத்தனை பேர் முன்னால் அவர்கள் இருவரும் அவ்வளவு கிட்ட நின்று நான் கண்டதில்லை. ஒருவரும் யாருடைய குடி என்று கேட்கவில்லை.

கொழும்புப் பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார்கள். பிள்ளை பிறக்கும்வரை அங்கேயே படுக்கையில் இருக்க வேண்டும், நெஞ்சு ஒப்பரேசன் அதற்குப் பிறகு என்றார்கள்.

அவள் திரும்பி வந்தாள். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்களைப் பதற வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. பெண்பிள்ளை பிறந்தது. பிறகு நெஞ்சைத் திறந்து நுரையீரலில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். அடுத்த சிறுபோகம் வெட்டுவதற்குள், விலாவில் நீண்ட தழும்போடும் சிவந்த சொண்டோடும் அவள் கிணற்றில் வாளி இழுத்தாள், நிறுத்தாமல்.

அதன்பிறகு, வேளாண்மை வெட்டு முடிந்து மெசின் ஓயும் காலங்களில் எங்கள் ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போவது ஒரு பெருநாள் மாதிரி ஆகிவிட்டது. வெற்றிலை இல்லாத வாய்கள், சாப்பாட்டுப் பொட்டலம், கொட்டாவி, சண்டை. மாமியே முன்னுக்கு இருந்து ஆட்களைச் சரிபார்ப்பார். அந்த டொக்டர் மாற்றலாகிப் போன பிறகும், எழுதிக் கொடுத்துவிட்டுப் போனதைக் காட்டி அடுத்தவரிடம் போனோம். சாச்சியும் விடாமல் வருவார். இந்த வருடமாவது வந்திருக்கும் என்று சொண்டைக் காட்டி, இல்லையென்று கேட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்புவார்.

குடி இன்றைக்கும் இருக்கிறது. பள்ளிவாசலில் இருக்கிறது, கலியாணப் பேச்சில் இருக்கிறது, அதன்மேல் எனக்குக் கோபமும் இல்லை. ஆனால் உங்கள் குடும்பத்தில் யார் யார் என்று எவரும் கேட்டால், என் மனம் பெயர்களைத் தேடுவதில்லை. வைக்கோல் பரப்பிய அந்தப் பெட்டியை நினைத்து, யாரையாவது ஏற்றாமல் விட்டுவிட்டோமா என்றுதான் பதறுகிறது.

மச்சியைக் கொழும்புக்கு அனுப்ப மட்டக்களப்பு ஸ்டேசனுக்கு எல்லோரும் போயிருந்தோம். மாமியும் மச்சியின் மாப்பிள்ளையும் துணைக்கு ஏறினார்கள். அவள் திரும்பி வருவாள் என்று அந்த மேடையில் நின்ற எங்களில் எவருக்கும் தெரியாது. கோச்சி மெல்ல அசைந்தது. சன்னலால் நீண்ட அந்த நெருப்புக்குச்சி விரல்களைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தேன். அவள் மற்றக் கையை வயிற்றில் வைத்து, குனிந்து, ஏதோ கலியாண வீட்டுக்குப் போகிறவள்போலச் சொன்னாள்:

"அடுத்த தரம் மெசின் போகக்குள்ள எனக்கும் இதுக்கும் முன்னுக்கே இடம் வையி புள்ள. பின்னுக்கு இரிந்தாக் குலுக்கும்."